மைக் டெஸ்டிங்

கோடை விழாவுக்கு மைக்செட் என்னுது.
அம்மாபேட்டையிலிருந்து எட்டு பாக்ஸ், ரெண்டு கூம்பு,
இருபது கொண்டை ஊசி வளைவும்
ஒயர்ச் சுருளைக் கட்டிப்பிடித்தபடி ஏறி வந்தேன்.

நாலு மணிக்கு நாய்க் கண்காட்சிப் பரிசு.
அஞ்சேகாலுக்கு மேஜிக்.
நடுவில் ஈச்சங்காட்டு ஆட்டம், ஒன்பது நிமிடம்.
"ராத்திரி பூரா ஆடறதாச்சே சார்" என்று
நான்தான் கேட்டேன். அவர்கள் கேட்கவில்லை.
"ஒம்போது போதுமுங்க" என்றார் இருசன்,
மீதிச் சில்லறை வேண்டாமென்று
பஸ்ஸை விட்டு இறங்கிவிடும் ஆள்போல.

பதினாலு பேர்.
தலைப்பாகையும் சலங்கையும் துறை கொடுத்தது.
நான் எதையும் பார்ப்பதில்லை, கேட்பேன்.
சலங்கை காதைக் கிழித்தால் ட்ரெபிளைக் குறைப்பேன்.
இடது பாக்ஸிலிருந்து வலது பாக்ஸுக்கு
சுற்றிச் சுற்றிப் போனது சத்தம்.
ஐந்தாம் சுற்றில் ஒரு நொடி என்னவோ பிசகியது.
ஒயர் லூஸ் என்று நினைத்தேன்.

வானத்தில் ஒன்றுமில்லை.
ஏழாவது நிமிடம் மிக்ஸர் மேல் ஒரு துளி,
பிறகு மலையையே யாரோ கவிழ்த்தார்கள்.
ரோஜாவில் செய்த யானைக்குத் தும்பிக்கை போயிற்று.
அதிகாரி நனைந்தபடியே மைக்கைப் பிடித்தார்:
"மழைக்காக ஆடினார்கள், பாருங்கள், மழை வந்துவிட்டது!"
குடைகளுக்குள் கைதட்டல்.

பதினாலு முகமும் செத்துப்போயிற்று.

எனக்கு ரெண்டு ஆம்ப்ளிஃபையர் நட்டம்.
அந்த எரிச்சலோடு அவர்களையும் லாரியில் ஏற்றினேன்.
தார்ப்பாய்க்கு அடியில் சண்டை.
"சோத்தாங்கைப் பக்கம் திரும்புனது யாரு?"
"நா இல்ல."
"அஞ்சாஞ் சுத்துல ஒரு காலு மாறுச்சு. கேட்டேன்."

எனக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை,
சண்டையிலிருந்து பொறுக்கிக்கொண்டதுதான்:
ஊரில் ஒரு பக்கமாகச் சுற்றி ஆடுவார்கள்.
மேடையில் எதிர்ப்பக்கம்.
கூப்பிடாமல் இருப்பதற்காகவே.
மலைமேல் இருப்பவர்
வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று
எதுக்குக் கூப்ட்டீங்க என்று கேட்டால்
நாய்களுக்குப் பரிசு கொடுத்தோம் என்றா சொல்வது?

கடைசியில் பொன்னான் வாயைத் திறந்தான்,
கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் இறக்குபவன்.
"முன்வரிசைல எம்மவ கையாட்டுனா.
காலு தானாப் போயிருச்சு."

யாரும் திட்டவில்லை.
"வந்தவர என்னான்னு சொல்லி அனுப்பறது இப்ப?"
என்று மட்டும் கேட்டார் இருசன்.
தார்ப்பாயை விலக்கி
எல்லோரும் ஒருமுறை மழையைப் பார்த்தார்கள்,
அடுப்பு மூட்டாத வீட்டு வாசலில்
சம்பந்தி வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல.

அன்றிரவே ஆடினார்கள்.
லாரி விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.
பார்க்காதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.
ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.
சலங்கை இல்லை. சேற்றில் பாதங்கள் மட்டும்,
வலது காதிலிருந்து இடது காதுக்கு,
அவசரமில்லாமல்,
ஒருவரை உட்காரவைத்து, நீர் கொடுத்து,
இலை போட்டு, தப்பு எங்களுதுதான் என்று சொல்லி,
காட்டு எல்லை வரை கூடப் போய்விட்டு வருவதுபோல.
மிளகுக்கொடியில் மழை எப்போது நின்றதென்று தெரியாது.
நான் தூங்கியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து, குகையில் ஒரு காதுகுத்து.
கூம்பைக் கட்டி, ஒயர் இழுத்து, மைக்கைத் தட்டினேன்.
இருபத்திரண்டு வருசமாக வாய் தானாகச் சொல்லும் வார்த்தை
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
எதிரே காலி நாற்காலிகள், ஐஸ் பெட்டி,
வெயிலில் ஒரு தெரு.

யார் வந்து நிற்பார்களோ.

ஒன், டூ, த்ரீ என்றேன்.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.